பெரிய பொட்டலம்

எங்கள் வீட்டில் உல்லாசம் என்றால் அது சாமி பேரைச் சொல்லிக்கொண்டுதான் வரும். சும்மா போய் நாலு நாள் மரத்தடியில் தங்கி, ஆற்றில் விளையாடிவிட்டு வரலாம் என்று யாராவது வாயைத் திறந்திருந்தால், "வேலவெட்டி இல்லையா உங்களுக்கு?" என்று பெரியப்பா எரிந்து விழுந்திருப்பார். அதையே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், முதல் ஆளாக அவரே மாட்டுக்கு லாடம் அடிக்க ஆள் அனுப்பிவிடுவார். சித்திரை கழிந்து காட்டில் வேலை ஓய்ந்திருக்கும் நேரத்தில், உடையார்பாளையத்துப் பக்கமிருந்து எங்கள் பங்காளி வீடுகள் அத்தனையும் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மருதையாற்றங்கரைக்குக் கிளம்பும்.

அங்கே ஓர் இலுப்பைத் தோப்பு. அதற்குள் கூரையில்லாத ஒரு மேடை, மேடையில் எங்கள் அம்மன். அக்கம்பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. வண்டிகளை வட்டமாக நிறுத்தி, முட்டுக் கொடுத்து, ஒன்றுக்கொன்று படுதாவை இழுத்துக் கட்டினால் அதுதான் வீடு. பெண்கள் அந்தப் பக்கம், ஆண்கள் இந்தப் பக்கம், பிள்ளைகள் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. யுத்த காலம் வேறு. மண்ணெண்ணெய் கிடைக்காது, அரிசிக்குத் திண்டாட்டம். ஆனாலும் அந்த நாலு நாளைக்கு மட்டும் எப்படியோ நெல்லுச் சோறு பொங்கிவிடுவார்கள். வருஷம் முழுக்கக் கம்பங்கூழ் குடித்துக் கிடந்த எங்களுக்கு அம்மனைவிட அந்தச் சோறுதான் பெரிய சாமி. சொல்வதற்கென்ன வெட்கம்?

வழிக்கும் மறுநாள் காலைக்கும் வீட்டிலேயே புளிச்சோறு கிளறிக் கொண்டுவருவார்கள். புரச இலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வாழைநாரால் முடிந்து, பெரிய கூடையில் அடுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் என்றால் நாலைந்து இல்லை, ஒரு பள்ளிக்கூடம். கூடை இறங்கியதும் நாங்கள் பாய்வோம். யார் எதை எடுத்தாலும் எடுத்ததுதான், மாற்றித் தரச் சொல்லி அழக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் எங்களுக்கெல்லாம் கண் பழகியிருந்தது. எந்தப் பொட்டலத்தில் ஒரு பிடி சோறு கூட இருக்கிறது என்று தொடாமலே தெரிந்துவிடும். நான் அதில் மகா கெட்டிக்காரி. என் அண்ணன்மார் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டுப் பெரியதைக் கொத்திக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் எனக்கு ஏழு வயசு இருக்கும். சாமி கும்பிடுவதோடு இன்னொரு காரியமும் இருந்தது. என் சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் மனைவி, கல்யாணமாகி எட்டொன்பது வருஷமாகியும் உண்டாகவில்லை. குன்னம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லிச் சித்தப்பாவை எல்லோரும் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா வாய் வேறு சும்மா இருக்காது. சின்னம்மா காதில் விழுகிற மாதிரியே, "காய்க்காத மரத்துக்கு எத்தன காலம்தான் தண்ணி ஊத்துறது?" என்பாள். சித்தப்பா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த மனிதருக்கு எதற்கெடுத்தாலும் தரையைப் பார்க்கத்தான் தெரியும்.

கடைசியில் பெரியப்பாதான் முடிவு சொன்னார்.

"நாம யாரு பேசறதுக்கு? அம்மாகிட்டயே கேட்டுடுவோம். அவ என்ன சொல்றாளோ அதுபடி நடப்போம்."

பூ வைத்துக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னப் பெண் பிள்ளை குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஈரத்துணியோடு வந்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இரண்டாவது கல்யாணத்துக்கு உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது சின்னம்மாவே வாயைத் திறந்தாள்.

"இவ எடுக்கட்டுங்க மாமா. நான் வளத்த புள்ள. இவ கையால எது வந்தாலும் சரி."

வளர்த்த பிள்ளை என்று அவள் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. எனக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு பிறந்துவிட்டதால் என் அம்மாவுக்கு என்னைக் கவனிக்க நேரமில்லை. எண்ணெய் தேய்த்து விட்டது, பேன் பார்த்தது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் சின்னம்மாதான். உலகத்தில் எனக்கு அவளைவிட வேண்டியவர்கள் யாருமில்லை. அப்படிப்பட்டவளுக்கு என் கையாலேயே அது நேர்ந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் சீரணிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போய், மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரை மொண்டு தலைக்கு ஊற்றினாள். திரும்பி வந்தால் பிள்ளைகள் எல்லாம் கூடையைச் சுற்றி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊறிப்போன புளிச்சோற்று வாசனை தோப்பையே தூக்குகிறது. எனக்கு வயிறு கிள்ளியது. "சின்னம்மா, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினேன். அவளுக்கும் பொறுக்கவில்லை. மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்துவிட்டாள். எடுத்தவள் மேடைப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டாள்.

"வேணாம்டி தங்கம். சாமி காரியம். கொஞ்சம் பொறுத்துக்க."

பூசாரி வர நேரமாயிற்று. வெயில் ஏறிவிட்டது. தோப்போரம் நந்தியாவட்டை பூத்துக் கொட்டிக்கிடந்தது. செவ்வரளி ஒரு கொத்துதான் கிடைத்தது போலிருக்கிறது. எங்கள் சோற்றுக்கூடையிலிருந்து மிஞ்சிய புரச இலையையே வாங்கி, அதே வாழைநாரால் இரண்டையும் கட்டினார். பெரியவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கற்பூரம் காட்டி, உடுக்கை அடித்து, "அம்மாவ நெனச்சுக்கிட்டு எடு பாப்பா" என்றார்.

நான் அம்மனையும் நினைக்கவில்லை, ஒருத்தரையும் நினைக்கவில்லை. இரண்டு புரச இலைப் பொட்டலம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒன்று கொஞ்சம் புடைத்திருந்தது. கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அது சோறு இல்லை என்றே நினைவு வந்தது. ஐயோ என்று இருந்தது. ஆனால் எடுத்தது எடுத்ததுதானே, எங்களுக்கு அப்படித்தானே சொல்லி வளர்த்திருந்தார்கள்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார். சின்னம்மா மேடையில் நெற்றி முட்டக் கும்பிட்டுவிட்டு எழுந்து, என் கன்னத்தைத் தடவினாள். பிறகு நேராகப் போய் அடுப்புக்கு விறகு எடுத்துப் போட்டாள்.

அன்றைக்குப் பார்க்க வேண்டுமே எங்கள் ஜனத்தை! கிடா வெட்டிக் கறி வெந்துகொண்டிருந்தது, ஆனால் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. உத்தரவு கேட்டே தீரவேண்டும் என்று குதித்தவர்களுக்கு, கிடைத்ததும் சின்னம்மாவை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஆளாளுக்கு அவளைத் தாங்கினார்கள். பெரியம்மா அவளைக் குனிந்து குழம்பு ஊற்றக்கூட விடவில்லை, "நீ உக்காருடி" என்று இழுத்து உட்கார வைத்து ஈரலைத் தேடி எடுத்து அவள் இலையில் வைத்தாள். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது அந்த ஈரல்?

ஆச்சரியம் என்னவென்றால், சின்னம்மா ஒருத்திதான் தெளிவாக இருந்தாள். இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டாள். "ஏன் எல்லாரும் எழவு விழுந்த மாதிரி இருக்கீங்க? அம்மா சொல்லிட்டா. அவளுக்குத் தெரியாததா? இத்தன நாளு என்ன ஆகுமோ ஏது ஆகுமோன்னு செத்துக்கிட்டு இருந்தேன், இப்பத்தான் மூச்சு விடறேன்" என்றாள். சாப்பிட்ட கையோடு வண்டி நிழலில் படுத்து அசந்து தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஆற்று மணலில் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்துக்கூட விளையாடினாள். நான் மட்டும் கிட்டே போகவில்லை. பெரிய பொட்டலம், பெரிய பொட்டலம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்குக் கிடைத்த நெல்லுச் சோற்றை அண்ணன் இலையில் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஊற்றோரம் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னடி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? நேத்துலேருந்து எங்கிட்ட வரவே இல்ல."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொட்டிவிட்டேன். அம்மனை நினைக்கவே இல்லை என்றேன். பசித்தது என்றேன். அந்தப் பொட்டலம் பெரிசாக இருந்தது, சோறு கூட இருக்கும் என்று கை போய்விட்டது, சாமி ஒன்றும் சொல்லவில்லை சின்னம்மா என்றேன்.

துலக்கின கை நின்றுவிட்டது. மணல் ஒட்டிய விரலோடு என்னையே பார்த்தாள். திட்டினால் தேவலை, ஒரு அறை கொடுத்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"பெரியப்பாகிட்ட சொல்லட்டுமா? மறுபடி பூ கட்டிக் கேக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லாத." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லாத. அந்தப் பொண்ணுதான் வரணும்னு எல்லாரும் எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. மறுபடி கேட்டு, மறுபடியும் வெள்ளையே வந்தா நான் எங்க போயி முட்டிக்கறது?"

ஒரு பிடி மணலை அள்ளிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு அவளாகவே பேசினாள். என்னிடம் பேசின மாதிரி இல்லை.

"அம்மா சொன்னான்னு நெனச்சித்தான்டி நேத்து அந்தச் சோத்த தின்னேன். அவ சொன்னா தாங்கிக்கலாம்னு இருந்துச்சு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஏழு வயசுப் புத்திக்கு எட்டிய அளவில். முந்தின நாள் நான் செய்தது ஒன்றும் பெரிதில்லை, இப்போது செய்ததுதான் பெரிது. என் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி, அதை அவள் தலையிலேயே வைத்துவிட்டேன். பசித்த பிள்ளை தெரியாமல் எடுத்தாள் என்று எந்த நியாயத்திலும் என்னை விட்டுவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாமே! உண்மையைச் சொல்வது நல்லது என்று எந்த மகராசன் சொன்னானோ, அவனுக்கு இப்படி ஒரு சின்னம்மா இருந்திருக்கமாட்டாள்.

ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகளும் பிறந்தன. அம்மன் வாக்குப் பலித்துவிட்டது என்று ஊரே மெச்சியது. சின்னம்மா என்னை ஒருநாளும் ஒதுக்கவில்லை. முன்போலவே தலை வாரிவிட்டாள், பேன் பார்த்தாள். ஆனால் அந்தத் தோப்புக்கு மட்டும் அவள் அதற்குப் பிறகு வரவே இல்லை. புதுப் பெண்டாட்டி மேல் இருக்கிற கோபம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எனக்குத் தெரியும், அது இல்லை. அந்த வருஷம் கடைசி நாள், படுதாக்களை அவிழ்த்துச் சுருட்டி, மாடுகளைப் பூட்டியாயிற்று. புறப்படும் முன் எல்லோரும் மேடைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற வேண்டும். பெரிசும் சிறிசுமாக அத்தனை பேரும் விழுந்து எழுந்தோம். சின்னம்மா மட்டும் முன்னாடியே ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் ஏறினேன். பெரியம்மா மேடையிலிருந்தே சத்தம் போட்டாள்.

"அடியே, எறங்கி வாடி! அம்மாவ ஒரு கும்புடு போட்டுட்டுப் போயி உக்காரு!"

சின்னம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க யாரு இருக்கா?" என்றாள்.

பெரியம்மாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.