தாம்பாளத்தில் கிடந்த பின்

ஒரகடம் கூட்ரோட்டில் நடேசனுக்கு இருந்தது ஒரு மெக்கானிக் ஷெட்டும், எதிர்ச்சாரியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வியாதியும்தான். எதிர்ச்சாரியில் கடை போட்டவன் இசக்கிபாண்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கென்று வந்து, அது சரிப்படாமல் ஸ்பானரைக் கையில் எடுத்தவன். அவன் கடையில் ரெண்டு வண்டி நின்றால் நடேசனுக்குச் சோறு இறங்காது. மூணு நின்றால் பெண்டாட்டி ரத்னாவுக்குத் திட்டு விழும்.

இப்போது நின்றது சும்மா வண்டியா? பிள்ளைப்பாக்கத்து தசரதன் நிலம் விற்ற கையோடு வாங்கிவந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, ரத்தச் சிவப்பு. பதினஞ்சு வருஷம் தாண்டிவிட்டதால் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் இன்ஸ்பெக்டரிடம் ஓட்டிக் காட்டிப் பாஸ் வாங்கணும். ஸ்டீயரிங்கோ தேய்ந்துபோய், கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையாது. முதலில் நடேசனிடம்தான் வந்தது. "இதுக்கு சாமான் ஃபாரின்லேர்ந்து வரணும், நம்மால ஆவாது சார்" என்று அனுப்பிவிட்டான். இசக்கி என்ன செய்தான்? ஜீப்பில் சக்கரத்தைத் திருப்புகிற டை ராடு எண்டை வாங்கி, லேத்தில் கொடுத்துக் கடைந்து, கச்சிதமாகப் பொருத்திவிட்டான். படுபாவி!

"அந்தக் காருல ஒரு தபா குந்திகினு போயிருக்கலாம், வுட்டுட்டியே" என்றாள் ரத்னா. அது வேறு எரிச்சல்.

திங்கட்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பணும் என்று பூஜை போட்டார்கள். நடேசனும் போய் நின்றான். போகாமல் இருக்க மனசு கேட்குமா? இசக்கிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும், நட்டு கழலாமல் பிடிக்கிற கடைசிக் கம்பிப் பின்னை மட்டும் தாம்பாளத்தில் வைத்து, சூடம் காட்டி, குங்குமம் தொட்டுத்தான் மாட்டுவான். அன்றைக்கு தசரதன், "டைம் ஆவுது, சீக்கிரம்யா!" என்று பறந்ததில், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தவன் பின்னை மறந்தே போனான்.

நடேசன் மறக்கவில்லை. தாம்பாளத்தில் கதம்பத்துக்கு அடியில் பின் கிடப்பதைப் பார்த்தான். ஏன் சொல்லணும்? இன்ஸ்பெக்டர் ஓட்டும்போது நட்டு கழன்று, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாமல், இவன் மானம் கப்பலேறட்டும்! நினைக்கும்போதே நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் இசக்கி கார் கதவைத் திறந்து பிடித்தான். "அண்ணாச்சி, மொதல்ல ஒங்ககிட்ட வந்த வண்டிதான? நீங்க ஏறுங்க. நான் பஸ்ஸுல வாரேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரத்னா வாயெல்லாம் பல்லாக நின்றாள். எப்படி மாட்டேன் என்பது? ஏறி உட்கார்ந்தான். மெத்தென்று இருந்தது சீட்டு. கண் மட்டும் தாம்பாளத்தை விட்டு நகரவில்லை. தசரதன் சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமியது, எலுமிச்சம்பழம் நசுங்கியது. எதிரே வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"ஐயோ, நிறுத்து சார்! பின்னு தட்டுலயே கீது!" என்று அலறினான் நடேசன்.

இசக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. குங்குமம் ஒட்டிய பின்னைப் பொறுக்கிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தான். மாட்டிவிட்டு வெளியே வந்தவன், நடேசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். "என் தப்புதான் அண்ணாச்சி. ரெண்டு உசுர காப்பாத்திட்டீய. எப்பம் பாத்தீய?"

"இப்பத்தான்" என்றான் நடேசன்.

"பாத்தியா நடேசா," தசரதன் இசக்கியின் தோளைத் தட்டினார், "அத்தனை பேரு முன்னாடி என் தப்புன்னு ஒத்துக்கினான். இவன்தான்யா மெக்கானிக்!"

நடேசன் ஸ்போர்ட்ஸ் கார் சீட்டில் உட்கார்ந்தபடியே வயிறெரிந்தான்.