ஐஸ் பார் மேல் கொட்டிய உப்பு

அலுமினியப் பேசினில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கைவேலை அப்படியே நின்றுவிடும். முதலில் வெறும் பாத்திரத்தில் "டங்" என்று விழும். தண்ணீர் சேரச் சேர அந்தச் சத்தம் மெத்தென்று அடங்கிப்போகும். காசிமேட்டில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஐஸ் உருகும் சத்தம் அது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவது அவர் வேலை. பெரிய பெரிய பாளங்களை, அதாவது "ஐஸ் பாரை", கொக்கி போட்டு இழுத்து உடைத்து ஏற்றுவார். எந்த வெயிலுக்கு எத்தனை பார் எத்தனை நாள் தாங்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் படகுக்காரர்கள் கடலுக்குப் போவார்கள். படிக்காத மனிதருக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

சாயங்காலம் கோணியில் மரத்தூளோடு சுற்றி ஒரு துண்டு ஐஸ் கொண்டுவருவார். அதை வைத்து வித்தை காட்டுவது என் அண்ணன் அந்தோணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். மெல்லிய கம்பியின் இரண்டு முனையிலும் செங்கல் கட்டி ஐஸின்மேல் தொங்கவிடுவான். கம்பி ஐஸை அறுத்துக்கொண்டே கீழே இறங்கும், அறுபட்ட இடம் மேலே ஒட்டிக்கொண்டே வரும், கடைசியில் செங்கல் தரையில் விழும்போது ஐஸ் முழுசாக இருக்கும். இன்னொரு நாள் ஈர நூலை ஐஸ் துண்டின்மேல் போட்டு உப்பைத் தூவி, "ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுடி" என்பான். நான் கண்ணை மூடி அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் நூலைத் தூக்குவான். ஐஸ் அதோடு ஒட்டிக்கொண்டு ஆடும். உடைத்த ஐஸில் உப்பைக் கொட்டி, நடுவில் நன்னாரி சர்பத் ஊற்றிய டப்பாவை வைத்து, ஜெபமாலை முடிவதற்குள் "குச்சி ஐஸ்" எடுத்துக் கொடுப்பான். மாதா வேண்டுதல் பாதி, உப்பு பாதி என்று நான் நம்பினேன்.

"டேய், கருவாட்டுக்கு வெச்ச உப்ப ஐஸ்ல கொட்றியா? ஐஸுக்கு உப்பு எமன்டா, சீக்கிரம் கரைச்சிரும்!" என்று நைனா கத்துவார்.

"உனக்கு இன்னா தெரியும் நைனா? உப்பு போட்டாதான் குளிரு ஏறும்" என்பான் அண்ணன்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அண்ணன் சொன்னதுதான் வேதம்.

பிறகு அண்ணன் விசாகப்பட்டினத்தில் ஒரு மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். எனக்குப் பதினோரு வயது நடந்த கத்தரி வெயிலில், மூன்று நாள் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம். தெருமுனைக் கடையிலிருந்து அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுக்காதீங்க நைனா" என்று அண்ணன் கதறியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நைனா சொன்னார்: "நீ பொறப்பட்டு வாடா. நீ மொகம் பாக்காம எடுக்க மாட்டேன். ஐஸு என் பொறுப்பு."

ரயில் மறுநாள் சாயங்காலம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனி மூடியிருக்கும் என்பதால், கையிருப்பிலிருந்த நாலு பாரையும் நைனா மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெஞ்சில் அடுக்கி, அம்மாவை அதன்மேல் கிடத்தி, சுற்றிலும் மரத்தூள் கட்டி, கீழே பேசின் வைத்தார். "நாளைக்கு ராத்திரி வரிக்கும் தாங்கும்" என்றார். அவர் சொன்னால் தாங்கும்.

ஆனால் அந்தச் சொட்டு சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. அண்ணன் வருவதற்குள் தீர்ந்துபோய்விடுமோ என்று பயம். விடிந்ததும், ஜெபமாலை சொன்ன பெண்கள் டீ குடிக்க வாசலுக்குப் போனார்கள். நான் கருவாட்டு மூட்டையிலிருந்து கல்லுப்பை மடி மடியாக அள்ளிவந்து, அம்மாவைச் சுற்றி ஐஸின்மேல் கொட்டினேன். ஒவ்வொரு மடிக்கும் ஒரு "அருள் நிறைந்த மரியே". தொட்டுப் பார்த்தேன், விரலைக் கடிக்கிற குளிர். மாதா கேட்டுவிட்டாள் என்று சந்தோஷமாக இருந்தது.

கோவிலில் ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பும்போது பேசின் நிரம்பித் தண்ணீர் வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. நைனா குனிந்து அதில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினார். ஐஸ் அதற்குள் தேன்கூடு மாதிரி ஓட்டையாகியிருந்தது. வேறெங்கும் ஐஸ் கிடைக்கவில்லை. மதியத்துக்குமேல் வைத்திருக்க முடியாமல் போய், மூன்று மணிக்குக் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.

அண்ணன் ஏழு மணிக்கு வந்தான். காலியான பெஞ்சைப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் ஐஸு சொல்ற ஆளு நீ! பொண்டாட்டிக்கு ஒரு நாளு தாங்கற மாரி வெக்கத் தெரியல?" 

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதான்டா. இந்த வெயில நான் சரியா பாக்கல" என்றார்.

வாசல்படியிலேயே திரும்பிப் போன அண்ணன், அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. துறைமுகத்திலும் பேச்சு பரவியது. "இன்னா நைனா, இந்த பாரு கரைக்கு வர வரிக்கும் தாங்குமா, இல்ல உன் வூட்டு பாரு மாரியா?" என்று சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர் கொக்கியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து வேலை செய்தார்.

நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார், உன் அண்ணனிடம் சொல் என்றார் சாமியார். முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம், என் கல்யாணத்துக்குச் சொல்லலாம், பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று வருஷங்கள் ஓடின. நைனாவை அடக்கம் செய்த அன்று, கல்லறை வாசலில்தான் அண்ணனிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் கையிலிருந்த மண்ணையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து சொல்லியிருந்தாகூட அவரு கைய புடிச்சிருப்பேனேடி" என்றான். 

அவ்வளவுதான். இப்போது அவன் விம்கோ நகரில் இருக்கிறான், நான் திருவொற்றியூரில். கோவிலில் பார்த்தால் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அறுபட்ட ஐஸ் ஒட்டிக்கொள்வதைக் காட்டியவன் அவன்தான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. இப்போது ஐஸ் பாரும் இல்லை, மரத்தூளும் இல்லை. கண்ணாடிப் பெட்டி வந்து பிளக்கில் மாட்டிவிட்டார்கள். "புள்ள துபாய்லேர்ந்து வரட்டும், ரெண்டு நாள் ஆனா இன்னா" என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டார்கள். ஜெபமாலை சொல்ல நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதியில், என்னை அறியாமல், பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.