மாஸ்டரின் முதுகு

மாஸ்டருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தையல் கடையில் துணி வெட்டுகிறவர், கடையும் அவருடையதுதான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கை எட்டாத இடமாகப் பார்த்து ஒரு வலி குடிவந்திருந்தது. கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பார். வாசலுக்குப் போவார், போன வேகத்தில் திரும்புவார்.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் முதுகில் பிடித்தது. வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், மாரடைப்பு. அதிலிருந்து மாஸ்டருக்கு ஏப்பம் வந்தால்கூட, எமன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருக்கும்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஜிப் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனார்.

ஈசிஜியைப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. பாரம் தூக்குறது, குனிஞ்சே போன் பாக்குறது, மனக்கவலை... ஆம்பளைங்களுக்கு மேல்முதுகு வலி பெரும்பாலும் இதுலதான் வரும். நீங்க எப்படி வேலை செய்வீங்க, காட்டுங்க" என்றார்.

மாஸ்டர் எழுந்து, இல்லாத துணியில் இல்லாத கத்தரியை ஓட்டினார்.

"ஏன் இப்படிக் கூன் போடுறீங்க?"

"மேசை அந்த உயரம்தானே, டாக்டர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு வெட்டப் பழக்கியபோது, அவளுக்கு எட்டவில்லையென்று மேசைக் கால்களை அறுத்துக் குறைத்தவர் அவரேதான். அளவெடுப்பதே பிழைப்பு; ஆனால் அன்றைக்கு அளந்தது அவளை மட்டும். இப்போதோ, அவள் வெட்டினால்தான் தோள் சரியாக உட்காருகிறது என்று தேடி வருகிறவர்களே உண்டு.

உயிர் தப்பிய சந்தோஷம் கடை வரைகூட வரவில்லை. மேசையை உயர்த்தினால் அவள் கை எட்டாது. இதை எந்த வாயால் சொல்வது என்று வழியெல்லாம் புழுங்கினார்.

"ஜிப் எங்க?" என்றாள் மனைவி.

பொய்யைத் தொடரத் தெரியாத மனிதர். அண்ணனில் ஆரம்பித்து டாக்டர் வரை கொட்டிவிட்டார். மேசைக்கு வந்ததும் பேச்சை விட்டுவிட்டு அதன் கால்களைப் பார்த்தார்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"மேசைதானே? எனக்கு எப்பவோ தெரியும். நீங்க குனியுறதைத் தினம் பாக்குறேனே."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா மறுபடியும் பட்டன் தைக்க உட்கார வச்சிடுவீங்கன்னு பயம். நீங்க உயிருக்குப் பயந்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

மாஸ்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது.

"தச்சரைக் கூப்பிடுறேன். உனக்குத் தனியா ஒரு மேசை போட்டுடலாம்" என்றார்.

"உங்களுக்குப் போட்டுக்குங்க" என்று கத்தரியை எடுத்தாள். "இது என் மேசை."