முழங்காலும் நனையும் தொட்டி

ஜிலியன் மெட்காஃப் ஆறடி ஒரு அங்குல உயரம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் இருபத்தாறு வருடமாகத் தபால் கொடுப்பவள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். முழு உடம்பாக அவள் ஒரு நாளும் வெந்நீரில் அமிழ்ந்து படுத்ததில்லை. வீட்டுப் பிளாஸ்டிக் தொட்டியில் தோளை நனைத்தால் முழங்கால் வெளியே நின்று நடுங்கும், முழங்காலை இறக்கினால் தோள் விறைக்கும். இதுவும் ஒரு குறையா என்று கேட்காதீர்கள். அவ்வளவு நீளமாகப் பிறந்து பார்த்தால் தெரியும்.

குளியலறையை இடித்துக் கட்டத் தொடங்கியபோது கணவன் கிளைவ் ஷவர் போதும் என்றான்.

"நின்னுக்கிட்டுக் குளிச்சா எல்லாமே நனையுமே."

"குதிரைகூடத்தான் நின்னுக்கிட்டே தூங்குது. நீயும் தூங்கேன்."

திங்கட்கிழமை குழாய்க்காரர் வருவதற்குள் அவள் ஒரு தொட்டியைக் கொண்டுவந்தால் தொட்டி, இல்லாவிட்டால் ஷவர் என்று முடிவானது.

கடைகளில் இருந்ததெல்லாம் குட்டை. ஆனால் அந்தப் பக்கத்து விவசாயிகள் சிங்கப் பாத வடிவில் நாலு கால் வைத்த பழைய இரும்புக் குளியல் தொட்டிகளை மாடு தண்ணீர் குடிக்க மேய்ச்சல் நிலத்தில் போட்டு வைத்திருப்பார்கள். எது எங்கே கிடக்கிறது என்பது தபால்காரிக்கு அத்துப்படி. இருப்பதில் நீளமானது வில்ஃப் ஆல்டர்சனுடையது, பாதி சேற்றில் புதைந்து கிடந்தது.

சனிக்கிழமை தபால் வேலை முடிந்ததும் ஜிலியன் அங்கே போனாள். வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, சீருடையோடு உள்ளே படுத்தாள். தலை முதல் கால்வரை நேராகக் கிடந்தாள். ஆறு மாடுகள் சுற்றி நின்று பார்த்தன. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா, தபாலெல்லாம் குடுத்தாச்சா?" என்று வேலிக்கதவில் சாய்ந்து கேட்டார் வில்ஃப்.

"இந்தத் தொட்டியை எனக்குக் குடுத்துடுங்க."

"மாடு எதுல குடிக்கும்?"

"புதுத் தகரத் தொட்டி வாங்கித் தர்றேன்."

வில்ஃப் வெகுநேரம் மலையைப் பார்த்தார். அந்த ஊரில் பேரம் பேசுவது அப்படித்தான். "பெரிசா இருக்கணும்," என்றார்.

இருவரும் மண்வெட்டியால் தோண்டினார்கள். ஒரு சிங்கக்கால் தெரிந்தது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. நான்காவது மூலையில் வெறும் சேறு. நொண்டித் தொட்டியைக் குழாய்க்காரர் மாட்டவே மாட்டார்.

வில்ஃப் பிடரியைச் சொறிந்தார். "நாலாவது வீட்டுல இருக்கு. பெரில்கிட்ட. நீயே கேட்டுக்க."

அந்த நாலாவது கால், வில்ஃப் வீட்டு அடுப்பங்கரைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. வில்ஃபின் மனைவி பெரில் மாவுக் கையோடு நின்றாள்.

"தரமாட்டேன்."

"கதவுக்கு ஒரு கல்லு வெச்சுக்கலாமே?"

"கல்லு கிடைக்காமலா இதை வெச்சிருக்கேன்? கல்யாணமாகி வந்த வாரமே இந்த மனுஷன் தொட்டியைத் தூக்கி மாட்டுக்குப் போட்டாரு. முப்பத்தொன்பது வருஷமா மாடு அதுல குடிக்குது, நான் ஷவர்ல நிக்கிறேன். அந்தக் கோவத்துல ஒரு காலைக் கழட்டி எடுத்து வெச்சுக்கிட்டேன், நொண்டியாவே கிடக்கட்டும்னு."

வாசலில் நின்ற வில்ஃப் கூரையை ஆராயத் தொடங்கினார்.

பெரில் கையைத் துடைத்தாள். "முதல் குளியல் எனக்குன்னா எடுத்துக்கிட்டுப் போ."

ஜிலியன் மட்டும் காத்திராதவளா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படிக் கைப்பிடியைக் கழற்றி, ஐந்து பேர் தூக்கி, கிளைவ் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் தீர்த்தபின் தொட்டி குளியலறைக்குள் போனது. மூன்றாம் வாரம், உள்ளே புது வெள்ளைப் பூச்சு காய்ந்ததும், பெரில் சொந்தத் துண்டோடும் ஃபிளாஸ்க் தேநீரோடும் வந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. உள்ளிருந்து தேவாலயப் பாட்டு கேட்டது. ஜிலியன் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். வில்ஃப் வந்து, "சாப்பாடு எங்கேன்னு கேளும்மா," என்றார்.

"அடுப்புல இருக்கு, போட்டுக்கச் சொல்லு," என்றது கதவு.

கடைசியில் பெரில் இளஞ்சிவப்பாக வெளியே வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. "புதுத் தண்ணி திறந்து விட்டிருக்கேன். நுரையும் போட்டிருக்கேன். போடி கண்ணு."

ஜிலியன் உள்ளே இறங்கிச் சாய்ந்தாள். தோள் அமிழ்ந்தது. காலை நீட்டினாள், நீட்டிக்கொண்டே போனாள். பிறகு தலையை உயர்த்தி முழங்காலைத் தேடினாள்.

காணோம்.