சிமெண்டில் பதிந்த குளம்பு

நம்ப முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நானே நம்பாத ஆள்தான். திருத்தணியிலிருந்து அம்பத்தூர் துணிக் கம்பெனிக்கு ரயிலில் போய் வந்த காலத்தில், லேடீஸ் பெட்டியில் யாராவது பேய்க் கதையை எடுத்தால் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன். அரக்கோணம் தாண்டுவதற்குள் இத்தனை பேரைப் பிடிக்கிறதே, பேய்க்கு வேறு வேலையே இல்லையா என்று கிண்டலும் செய்திருக்கிறேன். சாமி உண்டு, பேய் கிடையாது, அவ்வளவுதான் என் கட்சி.

கம்பெனியை விட்டதும் நானும் வீட்டுக்காரரும் பள்ளிப்பட்டு போகும் வழியில், ஒரு கிராமத்துக்கு வெளியே, கொஞ்சம் நிலமும் அதில் நின்ற பழைய ஓட்டு வீடும் வாங்கினோம். விற்றவர்கள் ஆந்திரப் பக்கம் போய்விட்டார்கள், பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. வீட்டைச் சரிபண்ணிக்கொண்டே கோழி வளர்த்தோம், வெள்ளைக் கழிச்சல் வந்து கூண்டே காலியானது. ஆடு வாங்கினோம், தெருநாய்கள் கடித்துப் போட்டன. கடைசியாகக் கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு செவலை மாடு பிடித்து வந்தோம். தலைச்சன் சினை.

"இந்த மாடும் போச்சுன்னா வீட்ட பூட்டிக்கினு மெட்ராசுக்கே போயிடலாம். நான் மறுபடியும் வேன் ஓட்றேன்" என்றார் வீட்டுக்காரர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவர் முகமே சொன்னது. எனக்கோ அந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை, செவலையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக் கூடத்தின் நடுவில், நட்ட வாக்கில், ஓட்டை போட்ட ஒரு கல் இருந்தது. தரை போட இடைஞ்சலாக இருக்கிறது, பிடுங்கிவிடுங்கள் என்று முனிரத்தினம் மேஸ்திரியிடம் சொன்னேன். கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"அசைய மாட்டேங்குதுக்கா. மழைக் காலத்துல சினை மாட்ட உள்ள கட்றதுக்கு வச்ச கல்லு இது. சுத்தி சிமெண்டு போட்டுக்கினு, டைல்ஸ் ஒட்றப்போ வெட்டிக்கலாம்."

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் சிமெண்டு பூசி முடித்துவிட்டு மேஸ்திரி திருத்தணி மலைக்குக் கிளம்பிவிட்டார். என் நாத்தனார் குடும்பம் காவடி எடுத்ததால் நாங்களும் போக வேண்டியிருந்தது. செவலை சும்மா நிற்கிற மாடு இல்லை, முடிச்சை நக்கி நக்கி அவிழ்த்துவிடும். கூடத்துக்குக் கதவு இன்னும் மாட்டவில்லை, வாசலில் குறுக்காகக் கட்டைகள்தான் வைத்திருந்தோம். மாடு உள்ளே போய்ப் புதுச் சிமெண்டை மிதித்து நாசம் பண்ணிவிடுமே என்று, கொட்டகையில் பழைய மண் சுவர் ஓரமாகக் குட்டையாகக் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சு போட்டது நான்தான். ஈன்றெடுக்க இன்னும் பத்து நாளாகும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார், அந்தத் தைரியம்.

மலையில் என்ன கூட்டம் என்று கிருத்திகைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரிசனம் முடிந்து இறங்குவதற்குள் வானம் கறுத்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. ரோடெல்லாம் காவடிக்காரர்கள், பஸ் நகரவில்லை, எங்கள் வண்டியும் நகரவில்லை. எனக்கு அந்த மண் சுவர் ஞாபகம் வந்தது. வாய்விட்டு அழுதே விட்டேன். "முருகா, அது வாயில்லா ஜீவன், நான் கட்டிப்போட்டு வந்துட்டேனே" என்று நடுரோட்டில் நின்று புலம்பினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு போய்ச் சேர்ந்தோம். கொட்டகைச் சுவர் மொத்தமாக விழுந்து கிடந்தது, செவலையைக் கட்டிய இடத்திலேயே. வீட்டுக்காரர் கையாலேயே மண்ணை வாரித் தள்ள ஆரம்பித்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து மாடு கத்தியது.

வாசல் கட்டைகள் ஓரமாக, ஒழுங்காகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. டார்ச் அடித்தோம். கூடத்தின் நடுவில், அந்தக் கல்லில் கட்டியபடி செவலை நின்றுகொண்டிருந்தது. காலடியில் காய்ந்த வைக்கோல், அதன் மேல் ஒரு கிடேரிக் கன்று. உடம்பெல்லாம் துடைத்த மாதிரி உலர்ந்திருந்தது. நான் ஓடிப்போய்க் கன்றை மடியில் அள்ளிக்கொண்டேன்.

வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். சிமெண்டு அதற்குள் இறுகிவிட்டது, நாங்கள் நடந்தால் பதியவில்லை. ஆனால் வாசலிலிருந்து கல் வரைக்கும் குளம்படிகள் ஆழமாகப் பதிந்திருந்தன.

"மாடு தானா அவுத்துக்கினு வந்திருக்கும்" என்றேன்.

"சரி, வந்துச்சு. கட்னது யாரு?"

கல்லில் கட்ட வேண்டும் என்றால் ஒரு ஆள் அந்த ஈரச் சிமெண்டில் நடந்து போயிருக்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடினோம். மனுஷக் காலடி ஒன்றுகூட இல்லை.

முடிச்சும் எங்கள் முடிச்சு இல்லை. கயிறு இடப்பக்கமாகச் சுற்றித் தனக்குள்ளேயே போயிருந்தது, முனையே தெரியவில்லை. எவ்வளவு முயன்றும் அவிழ்க்க முடியாமல் அரிவாளால் அறுத்தோம்.

எங்கள் பக்கம் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் பெருகும் என்று. மறுநாள் காலையில் வரப்போரத்து ஆலமரத்தைப் பார்த்தால், ஏணி இல்லாமல் எட்டாத கிளையில் வைக்கோல் மூட்டை தொங்குகிறது. எங்கள் ஏணியோ இடிந்த சுவருக்கு அடியில் கிடந்தது. ஊரில் விசாரித்தோம். எல்லோருமே மலையில்தான் இருந்திருக்கிறார்கள்.

மேஸ்திரி வந்து தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அந்த வீட்ல மாடு செத்ததா நான் கேள்விப்பட்டதே இல்லக்கா" என்றார். அவ்வளவுதான். டைல்ஸ் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அந்தக் குளம்படிகள் இன்றைக்கும் கூடத்தில் இருக்கின்றன, வந்தால் காட்டுகிறேன். கல்லும் இருக்கிறது. மெட்ராஸ் பேச்சு அன்றோடு நின்றது. இப்போது கொட்டகை நிறைய மாடு, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறோம்.

இதுவரைக்கும் நீங்கள் ஏதாவது காரணம் சொல்லலாம், வழிப்போக்கர் யாரோ உதவினார்கள் என்று. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். செவலை இரண்டாவது கன்று ஈன்றபோது வைக்கோல் மூட்டையை நான்தான் கட்டினேன். மனசெல்லாம் கன்றின் மேலேயே இருந்தது, கை பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து மூட்டையையே பார்த்தார்.

"இந்த முடிச்ச எங்க கத்துக்கின?"

குனிந்து பார்த்தேன். கயிறு இடப்பக்கமாகச் சுற்றி உள்ளே போயிருந்தது, முனை தெரியவில்லை.

யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாடு கட்டுவது நான்தான். செவலை அந்த முடிச்சை மட்டும் நக்கி அவிழ்ப்பதில்லை.