பேய்ப் படத்தில் நான் போட்ட சத்தம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். போன மாதம் ராஜபாளையத்துப் பழைய தியேட்டர் ஒன்றில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பழைய பேய்ப் படங்கள் போட்டார்கள். ஞாயிறு பகல் காட்சிக்குப் போனேன். பின்வரிசையில் ஒரு பெண் ஓயாமல் பேசினாள். பேய் வாய் திறந்தால் இவளும் திறந்தாள்.

திரும்பிக் கத்தினேன். "பேயை விட ஒன் சத்தம்தான் பெருசா இருக்கு. வாயை மூடுதியா, எந்திரிச்சுப் போறியா?"

சுற்றிலும் சிரித்தார்கள். அவள் பேச்சு நின்றது.

முதல் படம் முடிந்ததும் அவளே வந்தாள். "கோவிச்சுக்கிடாதீய அண்ணே. மில்லு சத்தத்துல எங்க வீட்டுக்காரவியளுக்குக் காது போச்சு. நான் சொன்னாத்தான் கதை புரியும். இந்தப் படத்துக்குன்னே மம்சாபுரத்துலருந்து வந்தோம்."

நானும் பஞ்சாலைக்காரன்தான். மெஷின் இரைச்சலில் காதோடு வாய் வைத்துப் பேசித்தான் எங்கள் பிழைப்பே. "பேசும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது படத்தில் அவள் வீட்டுக்காரர் குரல் மட்டும் உரக்கக் கேட்டது. "ஏட்டி, பேய் என்ன சொல்லுது?"

திரும்பினேன். அவள் என்னைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரல் வைத்தாள். அவர் என்னைப் பார்த்தார். செத்த நேரத்தில் இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

அதன்பின் பேய் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்கத்தான் பிடிக்கவில்லை.