கப்பலூர் முதலாளிக்கு நான் கொடுத்த அப்பா

கல்யாண வீட்டில் சமைத்தவருக்குக்கூடக் கடைசிப் பந்தியில் ஒரு இலை உண்டு. அடுத்தவர் வாழ்க்கையை எழுதிக் கொடுப்பவருக்கு அதுவும் கிடையாது. அட்டையில் அவர் பெயர், அவர் படம். உள்ளே நன்றியுரையில், அச்சகத்தாருக்கும் கார் டிரைவருக்கும் நடுவில், ‘எழுத்தில் உதவிய நண்பருக்கும்’ என்று ஒரு வார்த்தை வரும். அந்த நண்பர் நான்தான்.

பல வருடம் நாளிதழில் நிருபராக இருந்தேன். இப்போது மதுரை வட்டாரத்து முதலாளிகள், டாக்டர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகளின் சுயசரிதைகளை அவர்களோடு உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். மேனேஜர் கைதட்டு வாங்கிய பேச்சைத் தயார் செய்தவர்கள், தலைமையாசிரியர் வாசித்த ஆண்டறிக்கையை எழுதிய தமிழாசிரியர்கள், நீங்கள் எல்லோரும் என் கட்சி. அன்றைக்கு உங்களுக்கு வயிறு எரிந்ததல்லவா? எனக்குத் தினமும் எரிகிறது.

படம்: பாலு

வைகையில் வெள்ளம் வந்த வருடம். நானும் புகைப்படக்காரன் பாலுவும் காலையிலிருந்து கரையோரமாகவே அலைந்தோம். முழங்கால் தண்ணீரில் நின்று வீடு வீடாகப் பேசி, அரைப் பக்கத்துக்கு எழுதினேன். மறுநாள் பேப்பரில் ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தார்கள். பாலு எடுத்தது ஒரே ஒரு படம்தான். அதன் கீழே ‘படம்: பாலு’ என்று இருந்தது.

டீக்கடைக்காரர் பாலுவிடம் மட்டும் காசு வாங்கவில்லை. “பேப்பர்ல பேரு பாத்தேண்ணே” என்றார். நான் என் டீக்குக் காசு கொடுத்தேன். டீ கசந்தது. பாலுவிடம் மனம் விட்டுச் சொன்னபோது அவன் வருத்தப்படுவான் என்று நினைத்தேன்.

“மாப்ள, நீ எழுதுனத பாதிப் பேருதான் படிச்சிருப்பான். எம்பேர எல்லாப் பயலும் படிச்சுட்டான். எதையும் சின்னதாப் போட்டாத்தான்டா படிப்பாங்ஙே!”

என் பெயரில் ஒரு புத்தகம்

பெயர் வேண்டும் என்ற வெறியில்தான் வேலையை விட்டேன். மதுரைக்கு மேற்கே இருக்கிற கண்மாய்களைப் பற்றி ஒரு புத்தகம். கரை கரையாக நடந்து, மடை மடையாக விசாரித்து எழுதினேன். அட்டையில் என் பெயர் இருந்தது. பின்னட்டையில் படமும் இருந்தது.

புத்தகக் கண்காட்சியில், யாரோ போலப் போய் என் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருவர் அதை எடுத்தார், பின்னட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டுப் பிரியாணி வகைகள் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அதை எழுதியவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில், அன்றிரவு கோழிக்கறியையே ஒதுக்கி வைத்தேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையான மனிதர். பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கிறதாலதான் எடுக்குறவங்களும் வச்சிட்டுப் போறாங்க.”

நல்ல மனுசன்

கண்மாய் சோறு போடவில்லை. அப்போதுதான் செல்லப்பாண்டி அண்ணன் ஆள் அனுப்பினார். கப்பலூர் தொழிற்பேட்டையில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி அவருடையது. அறுபதாம் கல்யாணத்துக்குள் சுயசரிதை வெளிவர வேண்டும் என்றார். லேத் மிஷினைப் பற்றிக் கேட்டால் மதியச் சாப்பாட்டை மறந்து பேசுவார். முதலில் வாங்கிய பழைய மிஷின் எப்படிச் சத்தம் போடும் என்று வாயாலேயே போட்டுக் காட்டுவார். அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், “நல்ல மனுசன் சார், அம்புட்டுதான்” என்பார். எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அந்த அம்புட்டைத் தாண்டி ஒரு சொல் வராது.

அப்பா இல்லாத சுயசரிதை உப்பில்லாத குழம்பு. காலிப் பக்கத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. என் அப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அப்பா தனியார் பஸ்களில் டிக்கெட் பரிசோதகர். ஏறினால் பயணிகளிடம் திட்டு, இறங்கினால் முதலாளியிடம் திட்டு. யாராவது ரொம்ப அவமானப்படுத்திய நாளில் அவர் நேராக வீட்டுக்கு வரமாட்டார். சலூனில் உட்கார்ந்து, காலையில் மழித்த முகத்தையே மறுபடியும் மழித்துக்கொண்டு, கன்னத்தில் பவுடரோடு வருவார். பவுடரைப் பார்த்தால் அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். அடுப்பைப் பற்றவைத்து, முட்டையில் ஒரு கலக்கி போட்டுத் தட்டில் வைப்பாள்.

அவர் போன பிறகு, என்றைக்காவது என் பெயரில் எழுத வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது அது. டிக்கெட் பரிசோதகரை மட்டும் கமிஷன் மண்டி ஆளாக மாற்றினேன். “இது சும்மா மாதிரிக்குத்தாண்ணே. ஒங்கப்பாவப் பத்திச் சொன்னீங்கன்னா மாத்திருவோம்” என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

“சார், ஒரு எழுத்த மாத்தக்கூடாது. எங்கப்பாவ நேர்ல பாத்த மாதிரியே எழுதிப்புட்டீங்க!”

தாடி

திருமங்கலத்தில் மண்டபம். அறுபதாம் கல்யாணமும் புத்தக வெளியீடும் ஒரே மேடையில். மாலையும் கழுத்துமாக செல்லப்பாண்டி அண்ணன் மைக்கைப் பிடித்து, பார்க்காமலேயே சலூன் கதையைச் சொன்னார். கடைசியில், “அந்தப் பவுடர் வாசம் பட்டா இன்னைக்கும் எனக்குப் பசிக்குது” என்றார். அதை நான் எழுதவில்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை. என் அப்பாவைப் பற்றி என்னைவிட நல்ல வரி ஒன்றை ஒருவர் சொல்லிவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது.

முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மண்டபமே கைதட்டியது. உயிரோடு இருந்தவரை என் அப்பாவுக்கு யாரும் ஒரு தட்டு தட்டியதில்லை. இப்போது ஊரே தட்டுகிறது, அதுவும் வேறு ஒருவரின் அப்பாவுக்கு. நானும் தட்டினேன், வேறு என்ன செய்ய? பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அண்ணனின் மூத்த சகோதரர் உட்கார்ந்தார். பாயசம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்கதான எழுதுனது? நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கப்பாவுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. சாகுற வரைக்கும் கத்தி பட்டதில்ல. எந்தச் சலூன்ல போயி உக்காந்தாராம்?”

மச்சான் கொடுத்த பரிசு

தாடி தெரிந்தவர்கள் நாலு பேர்தான். புத்தகம் நன்றாகவே ஓடியது. என் மனைவி மீனாவின் அண்ணன், சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். கண்மாய்ப் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் திறந்ததில்லை. தீபாவளிக்கு வந்தவர் பளபள காகிதத்தில் சுற்றி எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். பிரித்தால் கப்பலூர்ப் புத்தகம். உள்ளே ‘அன்புடன், செல்லப்பாண்டி’ என்று கையெழுத்து வேறு.

எழுதியது யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது இந்தத் தொழிலின் ஒப்பந்தம். வாயைத் திறக்க முடியாது. விஷயம் தெரிந்த மீனா, சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். நான் மச்சானுக்கு முறுக்குத் தட்டை நீட்டினேன்.

“மாப்ள, ஒரு பக்கம் விடாமப் படிங்க. அப்பாவப் பத்தி எழுதுனா இப்பிடி எழுதணும். நீங்களுந்தான் இருக்கீங்களே, கண்மாயி, மடைன்னுட்டு!”

வேறு அப்பா

அந்த முறுக்கு செரிக்கும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். பஸ் பரிசோதகரான என் அப்பாவைப் பற்றி, என் பெயரில், முழுப் புத்தகம். சலூன்தான் அதற்கு உயிர். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதை நோக்கித்தான் போயின.

பதிப்பகத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் தேன்மொழி. பத்திரிகையில் என்னிடம் பயிற்சிக்கு வந்து, செய்திக்குத் தலைப்பு வைக்கத் தெரியாமல் விழித்த பெண். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட அறையில் உட்கார்ந்து என் எழுத்தை நிறுத்துப் பார்க்கிறாள். அந்த அறையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி வயிறு எரிந்துவிட்டது. மீதியை அவள் பேச்சு பார்த்துக்கொண்டது.

“சார், எல்லாம் நல்லாருக்கு. அந்தச் சலூன் மட்டும் வேணாம். கப்பலூர்க்காரர் புத்தகத்துல இருந்து சுட்டுட்டீங்கன்னு சொல்லிருவாங்க. வேற அப்பா கதை ஏதாச்சும் இருக்கா சார்?”

திருப்பிக் கேட்கப் போனேன்

கப்பலூர்ப் புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு அச்சகம் போகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. நேரே போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: “அண்ணே, அந்தச் சலூனுக்குப் போனது எங்கப்பா. எனக்குத் திரும்ப வேணும்.”

அவர் எழுந்து போய், மிஷின் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “தெரியும் சார். எங்கப்பா போகயில எனக்கு வெவரம் தெரியாத வயசு. தாடி வச்சிருந்தாருன்னு எங்கண்ணன் சொல்லிக் கேட்டதுதான். மூஞ்சி ஞாபகமில்ல. ஊர்ல நல்ல மனுசன்னு சொல்வாங்க, அதத்தான் ஒங்கள்ட்டயும் சொன்னேன்” என்றார். என் கண் முன்னாலேயே அச்சகத்துக்குப் போன் போட்டு அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் மட்டும் வரவில்லை. அவர் போனை வைத்துவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“ஒங்க அப்பாதான சார், எடுத்துக்கங்க. நீங்க பேரு இல்ல பேரு இல்லன்னு மருகுறீங்க. எனக்கு ஒங்க மேல எம்புட்டுப் பொறாம தெரியுமா? நெனைக்கிறதுக்கு ஒங்களுக்கு ஒரு அப்பா இருக்காருல்ல.”

பவுடர்

வெளியே வந்ததும் அச்சகத்துக்கு நானே போன் போட்டு, அந்தப் பகுதி அப்படியே இருக்கட்டும் என்றேன். அடுத்து தேன்மொழிக்குப் போட்டு, சலூனை எடுத்துவிடச் சொன்னேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் மனிதர் அவர். அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வரக் கை எழவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஏன் விட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

திருப்பரங்குன்றத்தில் இறங்கினேன். வீடு ஒரு தெரு தள்ளித்தான். கால் சலூனுக்குள் போய்விட்டது. காலையில் மழித்த முகம்தானே என்று சலூன்காரர் கேட்டார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். கதவைத் திறந்த மீனா என் கன்னத்தைப் பார்த்தாள். மாமனாரின் வழக்கம் அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் என் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். நேரே அடுப்படிக்குள் போனாள். முட்டையை உடைக்கும் சத்தம் கேட்டது, பிறகு அவள் குரல்.

“யாரு என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல. மொளகு தூக்கலாப் போடவா?”

இந்தத் தொழிலில் எழுத்தைக் கொடுக்கலாம், பெயரை விட்டுத் தரலாம், பெற்ற அப்பாவையே தாரை வார்க்கலாம். அடுத்தவர் மேடையில் அதற்குக் கைதட்டு விழும்போது வயிறு எரியாமல் உட்கார்ந்திருக்க மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.